மக்கும் பையும் புளியோதரையும்

அக்காவின் வளைகாப்புக்கு வருவோருக்குக் கலவை சாதத்தை எதில் கட்டிக் கொடுப்பது என்ற பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். எதையும் இருபுறமும் அலசாமல் விடுவது இலக்கிய மாணவிக்கு இழுக்கு என்று அப்போது நம்பினேன். துணிப்பையைப் பலகாலம் துவைத்துப் பயன்படுத்தினால்தான் பருத்திக்குச் செலவான நீர் நியாயமாகும். எங்கள் இலுப்பூர் வீட்டில் அது மறுவாரமே கரித்துணியாகிவிடும். காகிதப்பை எண்ணெயில் ஊறும். வாழையிலைப் பொட்டலம் வேன் குலுக்கலில் அவிழும். எஞ்சியது சோளமாவில் செய்த மக்கும் பை. அதன் குறைகளை மட்டும் நான் அலசவில்லை. அதற்குள் அதன்மேல் காதல் வந்துவிட்டது.

அம்மாவின் கவலை வேறு. “கீரமங்கலத்துலேர்ந்து வேன் வச்சு வாராங்க. ஒங்கக்கா வாழப்போன வீடு. போறப்ப ஒரு சொல்லு விழக்கூடாது. என்னடி இது, வெங்காயத் தோலாட்டம் இருக்கு?”

“இது மக்கும்மா.”

“எது? பையா, வாங்குனவளா?” என்றார் அப்பா.

வளைகாப்பன்று ராகுகாலத்துக்கு முன் வேன் கிளம்ப வேண்டியிருந்ததால், புளியோதரை ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை. சுடச்சுடக் கட்டினோம். முதல் பையை அக்காவின் மாமியாரிடம் நானே மரியாதையாக நீட்டினேன். அவர் வாசற்படியை அடைவதற்குள் பையின் அடிப்பக்கம் மெல்ல விரிந்து, புளியோதரை முழுவதும் அவருடைய பட்டுச்சேலையில் இறங்கியது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

“இது மக்கும் பை, அத்தை. சூடு பட்டால் இளகும்” என்று விளக்கினேன். விளக்கத்தில் பிழையில்லை.

“இன்னும் வாசலே தாண்டல, அதுக்குள்ள மக்கிருச்சா?” என்றார் அவர். “புள்ளத்தாச்சிக்கு ஊட்டச் சொன்னா, இங்கிட்டுச் சேலைக்கு ஊட்டுறீங்களே.”

அது கேலியா கோபமா என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றப் பைகளும் இளகிக் கிழியத் தொடங்க, அம்மா பரணிலிருந்து எவர்சில்வர் டப்பாக்களை இறக்கினார். என் கல்யாணச் சீருக்கென்று சேர்த்து வைத்தவை. வந்தவர்கள் ஆளுக்கொன்றாக என் சீரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

“வெறும் டப்பாவாத் திருப்பிக் குடுக்குற வழக்கம் எங்களுக்கு இல்ல, சம்பந்தி. புள்ளயப் பாக்க வாரப்ப கொண்டாரோம்” என்றார் மாமியார். அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

சொன்னபடியே, குழந்தையைப் பார்க்க வந்தபோது டப்பாக்கள் பலாச்சுளைகளோடு திரும்பின. எவர்சில்வரின் நன்மை, அது திரும்பி வருகிறது. தீமை, எல்லாமே வருவதில்லை: பெரிய டப்பா ஒன்றைக் காணவில்லை. கேட்கலாமே என்றேன்.

“வாயத் தொறக்காத” என்றார் அம்மா. “நாளைக்கு அவ புள்ளையோட அங்கிட்டுத்தான போகணும். டப்பா அங்கயே இருக்கட்டும்.”

கிழிந்த பைகளை அன்றே கொல்லைக் குழியில் புதைத்திருந்தேன். புளியோதரையிடம் உடனே பணிந்தவை மண்ணிடம் இன்றுவரை பணியவில்லை. அவை மக்குவதற்கு உரம் தயாரிக்கும் ஆலையின் சூடு வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அண்மையில் தோண்டிப் பார்த்தபோது புதைத்த மேனிக்கே இருந்தன.

அப்பா எட்டிப் பார்த்தார். “பத்திரமா மூடி வையி. சீர்ல ஒரு டப்பா கொறையுதுல்ல, ஒன் கல்யாணத்துக்கு இதையும் சேத்து அனுப்பிருவோம்.”