புரட்டாசியில் ட்ரௌட் மீன்

என் கணவர் ஒரு ஓட்டை வாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. தசரா விடுமுறைக்கு இமாச்சலத்தில் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ட்ரௌட் மீன் பிடிக்கலாம் என்று முடிவானதிலிருந்து தூண்டில், ஸ்லீப்பிங் பேக், கூடார ஆணி என்று தினமும் என் காதைத் தின்றார். உப்பல் வீட்டு மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்து ஒத்திகை வேறு!

ரயில் டிக்கெட்டெல்லாம் எடுத்த பிறகு, அந்த மாடியில்தான் அசடு வழிந்தார்.

"அப்ப புரட்டாசி நடக்குதேம்மா. நான் மீன் சாப்பிட முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரட்டாசியில் அசைவம் தொடாதவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அதுவும் தொப்பையைக் குறைக்க என்று நினைத்திருந்தேன்.

"பிடிச்சுட்டு ஆத்துலயே விட்டுடலாம்" என்றார்.

"நக்கோ டாடி, வேணாம்! அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என்றாள் மகள்.

"ஒரு வருஷம் விரதத்தை விட்டாத்தான் என்ன? பெருமாள் கோவிச்சுக்குவாரா?" என்று கத்தினேன்.

கூடாரத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "இவ பொறந்தப்ப நீ கண்ணே முழிக்கல. டாக்டர் கையை விரிச்சுட்டார். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டேன்."

கூடாரத்தின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் அவர் பிடித்த ஒரே மீனை மூவருமாகத் தண்ணீரில் விட்டோம். பருப்புச் சாதம்தான் சாப்பிட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் கோபம்தான் வருகிறது. கூடார ஆணி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்ன மனிதர், இதை மட்டும் இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே!