மூன்றாவது மலைக்கிராமம்

ஊர் சுற்றிக் காட்டுகிறவளுக்கு ஊர் கண்ணில் படாது, கூட வந்தவர்களின் தலைகள்தான் தெரியும். இதே தொழிலில் கிடந்து அல்லாடுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களை இத்தாலிக்குக் கூட்டிப்போனேன். ஒரே நாளில் மூன்று மலைக்கிராமங்கள், நடுவில் மதியச் சாப்பாடு என்று திட்டம். அன்று காலையிலிருந்தே பஸ்ஸில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

ஏற்றம்

முதல் கிராமத்துக்குள் பஸ் போகாது. அடிவாரத்தில் இறங்கி, கல் பாவிய பாதையில் ஏறவேண்டும். தீப்பெட்டி ஆலை நடத்தும் சங்கரலிங்கம் அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடியே ஏறினார். ஊரில் திடீர் மழையாம், குச்சி காயவில்லையாம். அவர் பேசி முடிப்பதற்குள் கிராமமே முடிந்துவிட்டது. ஏறும்போது நடுவில் ஒருமுறை மட்டும் போனை இறக்கி, இவ்வளவு உயரத்தில் எதற்காக ஊரைக் கட்டினார்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து மேலே குடியேறினார்கள் என்றேன். அண்ணாச்சி மூச்சு வாங்க நின்றார்.

"பயந்தவிய ஏறுனது சரி. நாம எதுக்குத் தாயி ஏறுதோம்?"

சாப்பாடு

இரண்டாவது கிராமத்தில் சாப்பாடு. அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொரு தட்டாகத்தான் வரும். தக்காளி தடவிய ரொட்டி வந்தது. வெகுநேரம் கழித்து, கையால் உருட்டிய தடித்த கோதுமை நூடுல்ஸ் பூண்டுக் குழம்போடு வந்தது. ஆடு வளர்க்கும் புதூர் ராமசாமி அண்ணன் மளமளவென்று தின்றுவிட்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். மூன்றாவது கிராமத்தில் செம்மறிப் பட்டியும், அந்தப் பாலில் பாலாடைக்கட்டி செய்கிற இடமும் உண்டு. அவர் இந்தப் பயணத்துக்கு வந்ததே அதற்காகத்தான்.

சங்கரலிங்கம் அண்ணாச்சியும் எழுந்துவிட்டார். மிச்சத் தட்டெல்லாம் வேண்டாம், கிளம்பலாம் என்றார். அவர் மனைவி செல்வமணி அக்கா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அடுத்த தட்டும் வரட்டும். ஒருத்தி பரிமாறி நான் உக்காந்து சாப்பிடுதது வீட்டுல என்னைக்கு நடந்திருக்கு?"

கோபுரம்

பஸ்ஸுக்குத் திரும்பும் நேரத்தில் செல்வமணி அக்காவைக் காணோம். அவருடைய போன் அண்ணாச்சியின் பையில் இருந்தது. என்ன நிறச் சேலை என்று கேட்டேன். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. சந்து சந்தாக ஓடினோம். ஒரு மதிலுக்கு அப்பால் செங்குத்தான பள்ளம். அதை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய அண்ணாச்சியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ராமசாமி அண்ணன்தான் மணிக்கோபுரத்தின் உச்சியில் ஒரு சேலைத் தலைப்பு பறப்பதைக் கண்டு கைகாட்டினார். முட்டுவலிக்காரி, படி ஏறக்கூடாது என்று காலையில் அண்ணாச்சி தடுத்த அதே அக்கா. நாங்கள் நெஞ்சு அடைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது, அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே அலை அலையாக இறங்கும் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் காத்திருக்கிறது என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். அக்கா அசையவில்லை.

"அவசரம்னா நீங்க முன்ன போங்க. நான் பாத்துட்டு வாரேன்."

அண்ணாச்சி போகவில்லை. அவர் போன் அடித்தது. எடுத்து, மலை மேலே இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அவ்வளவு அவசரக்காரர், அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"நீலச் சேலை. இனி மறக்கமாட்டேன் செல்வம்."

பட்டி

டிரைவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். நாங்கள் இறங்கிவரும்போது எங்கள் டிரைவர், நேராக ஓட்டலுக்கு மட்டும்தான் போகமுடியும் என்று கைவிரித்துவிட்டார். ராமசாமி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு திருப்பத்தில் தூரத்துச் சரிவில் வெள்ளையாக ஒரு மந்தை தெரிந்தது. அவர் எழுந்து, அது மறைகிறவரை கண்ணாடியோடு ஒட்டி நின்றார்.

"நம்ம ஆடு மாதிரிதான் மேயுது. ஆனா பக்கத்துல போய்ப் பாத்திருக்கணும்மா."

இப்போது எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம், பார்த்த இரண்டு கிராமங்களை விட்டுவிட்டு, பார்க்காத அந்த மூன்றாவதைத்தான் இத்தாலியிலேயே அழகான ஊர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.