மாமாவுக்கு ஒரு திகதி

எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா செத்ததில்லை. அம்மா சொல்லும் கதைகளின்படி, ஒவ்வொருவரும் ஊர் பத்து நாள் பேசும்படிதான் போய்ச் சேர்ந்தார்கள்.

பூட்டன் முல்லைத்தீவுக் கடலில் பெரிய ஆமையொன்றைப் பிடித்து, விடமாட்டேன் என்று அடம்பிடித்து, ஆமையோடேயே போய்விட்டார். அவருடைய தகப்பன் பந்தயத்துக்கு நாற்பது அவித்த முட்டை தின்று உட்கார்ந்த கதிரையிலேயே கண்ணை மூடினார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மப்பா உடையார்கட்டுக் காட்டில் தேன் எடுக்கப் போய்த் தேனீ கொட்டிச் செத்தார். அம்மம்மாவுக்குப் பலாச்சுளை தொண்டையில் சிக்கியது. அம்மாவின் தம்பியை, என் மாமாவை, சைக்கிளில் போகும்போது யானை அடித்தது. கடற்கரையை விட்டு அசையாத அம்மப்பா தேனுக்காக ஏன் காட்டுக்குப் போனார் என்று நான் கேட்டதில்லை. கதை நன்றாக இருந்தால் குறுக்குக் கேள்வி கேட்காத பிள்ளை நான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வைகாசித் தொடக்கத்தில் ஒருநாள், வகுப்பில் அவரவர் முன்னோரைப் பற்றிப் பேசச் சொன்னார் ரீச்சர். எனக்கு முன் எழுந்த ஆறு பேரும் "ஷெல் பட்டுச் செத்தவை" என்று ஒரே வசனத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் வீட்டில்தான் எத்தனை விதம்! ஆமையில் தொடங்கி யானையில் முடித்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் ஆர் சொன்னது?"

"அம்மா."

"அப்ப சரி, இருங்கோ" என்றார்.

அந்தக் கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். வருடாவருடம் தானே கோயிலுக்குக் கொண்டுபோகும் தாளை என்னிடம் தந்தார். செத்தவர்களின் பெயரையும் நாளையும் எழுதிக் கொடுத்தால், அந்த நாள் பூசையில் பாதர் பெயரை வாசித்து மன்றாடுவார்.

"பாதரின்ரை மேசையிலை வைச்சிட்டு வா பிள்ளை. மடிச்சபடியே வை."

மடித்ததை விரிக்காமலிருக்க நான் என்ன புனிதரா? உள்ளே அம்மப்பா, அம்மம்மா, மாமா மூவரின் பெயர்களும் இருந்தன. மூன்று பெயருக்கும் நேரே வைகாசியில் ஒரே திகதி. காய்ச்சலில் பிழையாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்டினேன். தேனீயும் பலாப்பழமும் யானையும் ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு வருமா? நல்லகாலம், பென்சிலால் எழுதியிருந்தார். கோயில் மதிலில் தாளை வைத்து அழித்தேன். பலா பழுப்பது ஆனியில். தேன் எடுப்பது ஆடியில். குளம் வற்றி யானை ஊருக்குள் இறங்குவது ஆவணியில். ஆளுக்கொரு திகதி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வைகாசி நாள் வந்தது. காய்ச்சல் தேறியிருந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பாதர் வாசித்த பட்டியல் முடிகிறதாக இல்லை. ஒரே நாளில் இத்தனை பேரா என்று எனக்கு அலுப்பாக வந்தது. எங்கள் ஆட்களை இந்த நெரிசலில் மாட்டாமல் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையும் இருந்தது. அம்மா ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து, பிறகு குனிந்துகொண்டிருந்தார். பாதர் தாளை மடித்து வைத்ததும் அம்மா எழுந்து நின்றார். எல்லாரும் உட்கார்ந்தபோதும் அவர் உட்காரவில்லை.

ஆமையும் முட்டையும் உண்மைதான். மற்ற மூன்றும் அம்மா எனக்காகக் கட்டிய கதைகள். மூவரும் போரின் கடைசி நாட்களில் ஒரே பங்கர்க் குழிக்குள் ஒரே ஷெல்லில் போனவர்கள். இதை அப்பா எனக்குச் சொன்னது பதினாலு வயதில். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "தாளைக் குடுத்தனியோ?"

"ஓம் அம்மா. நீங்கள் திகதியெல்லாம் பிழையா எழுதியிருந்தனீங்கள். நான் திருத்திக் குடுத்தனான்."

பலா, தேன், குளம் என்று காரணங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். கெட்டிக்காரி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிக்கு எப்ப போட்டனி?"

"ஆவணி பத்து."

அம்மா விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப அவனுக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு" என்றவர், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

மாமாவின் பூசைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் குந்தி, அவர் முதுகைத் தடவி, "அழாதேங்கோ அம்மா, அது கெதியா வந்திடும்" என்று ஆறுதல் சொன்னேன்.