ஒரு வீக்கெண்டில் முடிகிற வெப்சைட்

அமெரிக்காவில், டாலஸ் பக்கத்திலுள்ள காப்பெலில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். ஆர்டர் எடுக்க வெப்சைட் வேண்டுமென்றபோது, டெவலப்பர் பெண் ஒருவர், "ஆர்டர் பண்றவங்ககிட்ட அலர்ஜி விவரமெல்லாம் சைட்டே கேக்கணும், டெஸ்ட் பண்ணணும் ஆன்ட்டி, ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

ஐ.டி.யில் இருக்கும் என் கணவர் சிரித்தார். "இதுக்கா ரெண்டு மாசம்? நானே ஒரு வீக்கெண்ட்ல பண்ணிடுவேன்." அதை நம்பி அந்தப் பெண்ணை வேண்டாமென்றேன்.

அந்த வீக்கெண்ட் வரவே இல்லை, தீபாவளி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குவிந்த ஆர்டர்களுக்கு நடுவே, 'குழந்தைக்கு முந்திரி ஆகாது' என்ற மெசேஜைக் கவனிக்காமல் முந்திரி கேக்கை அனுப்பிவிட்டேன். பிறகு அது கண்ணில் பட்டு, அவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் போன் செய்து தடுத்தது என் அதிர்ஷ்டம்.

மறுநாளே அந்தப் பெண்ணிடம் வேலையை ஒப்படைத்தேன். இப்போதெல்லாம் எஸ்டிமேட் வந்தால், ஏன் இத்தனை நாள் என்று கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் "நானே பண்ணிடுவேன்" என்று ஆரம்பித்தால், காலண்டரை நீட்டி, "எந்த வீக்கெண்ட்?" என்கிறேன்.