டாக்டர் சொன்னதை அம்மாவிடம் யார் சொல்வது?

1. எனக்கு அங்கே என்ன வேலை?

அந்தப் பிள்ளை சில கிழமைகளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பெயர் நிலானி என்று வைத்துக்கொள்வோம். வயது பதினாறு. தாய் வசந்தி லிபெர்த்தா வீதியில் இரண்டு வீடுகளில் வீட்டுவேலை செய்பவர்.

நான் இத்தாலியின் பலெர்மோ நகரில் இளையோருக்கான அரசாங்க மனநல நிலையத்தில் மெதியாத்ரிச்சே. வெளிநாட்டுக் குடும்பங்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் இருந்து கதைத்துக் கொடுக்கும் வேலை.

"அக்கா, வாய் ஓயாமல் கதைக்கிறவள். இப்ப சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் கதவு திறக்கிறாள் இல்லை" என்றார் வசந்தி.

எங்கள் சைக்காலஜிஸ்டைத் தொத்தொரெஸ்ஸா, அதாவது டாக்டரம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என்ன கேட்டாலும் நிலானி "நியென்தே" என்றாள். ஒன்றும் இல்லையாம். இங்கேயே பிறந்த பிள்ளை. அவளுடைய இத்தாலி மொழி என்னுடையதைவிட நல்லது. அப்படியானால் நான் எதற்கு அங்கே இருக்கிறேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2. ரூத்தின் கேள்வி

அந்த நாட்களில் இளையோர் மனநலம் பற்றி நகரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பக்கத்தில் இருந்து ரூத் என்ற ஆதிக்குடிப் பெண் வந்திருந்தார். தன் சொந்தச் சமூகத்துப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர். சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் ஊர் காட்ட என்னை அவரோடு அனுப்பினார்கள். கபோ சந்தையில் ஒலிவ் காய்களைச் சுவைத்தபடி அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"முந்தி டாக்டர் சின்னப் பிளேனில வந்து பின்னேரமே போயிடுவார். பிள்ளையள் அவருக்கு முன்னால நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பினம். இப்ப எங்களையே வேலைக்கு எடுத்திருக்கினம். நான் பிள்ளையளை ஏத்திக்கொண்டு கார் ஓடுவன். அவை றோட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பினம்."

"கார் ஓடுறதுக்கும் சம்பளமோ?" என்றேன்.

சிரித்துவிட்டார். "அதை அரசாங்கத்துக்கு விளங்கப்படுத்தத்தான் கன காலம் எடுத்தது. திட்டத்துக்குக் காசு வரும், பிறகு நிக்கும். அப்ப பிள்ளையள் கேட்பினம், நீயும் போயிடுவியோ எண்டு."

பிறகு அவர் என்னைக் கேட்டார்: "எங்கட பெரியாக்கள் கதைக்கிறது எங்கட பாஷை. டாக்டர் இங்கிலீசில சொல்லுறதைப் பிள்ளையள்தான் அவைக்குச் சொல்லவேணும். கெட்ட செய்தியும் அதுக்குள்ள வரும். உங்கட வீடுகளில அதை ஆர் செய்யினம்?"

குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கான வரிசையில் தாய்க்காகக் கதைக்கும் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அதில் கேட்பதற்கு ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

3. பகேரியா ரயில்

ரூத்தைப் போல, நிலானியோடு அறையை விட்டு வெளியே போய்ப் பார்ப்போமா என்று தொத்தொரெஸ்ஸாவைக் கேட்டேன். அவருக்கும் ஆவல்தான். வியாழன் பின்னேரம் வசந்திக்கு லீவு. நால்வரும் பக்கத்து ஊரான பகேரியாவுக்கு ரயில் ஏறினோம். தாயும் தொத்தொரெஸ்ஸாவும் தள்ளி இருந்தார்கள். நானும் நிலானியும் பக்கத்தில் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி.

"பிள்ளை, வீட்டில டாக்டரிட்டைப் போனா ஆர் கதைக்கிறது?"

"நான்தான். சின்னனிலயிருந்து."

"கடைசியா எப்ப போனனீங்கள்?"

ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. பியோப்சியா, அதாவது கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதனை, செய்யவேண்டும், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர் இவளிடம் சொன்னாராம். என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டபோது, "ஒண்டும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டாள். சோதனைக்குக் கொடுத்த தேதியும் கடந்துவிட்டது.

"அம்மா செத்துப் போனா என்னாலதானே அன்ரி?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவிட்டை நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

"நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு அதுக்குத் தமிழ் தெரியாது."

பகேரியா ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து, தொத்தொரெஸ்ஸாவும் கேட்க, வசந்தியிடம் சொன்னேன். கட்டியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இதை வைச்சுக்கொண்டோடி நீ சாப்பிடாமல் கிடந்தனி?"

அடுத்த நாளே தொத்தொரெஸ்ஸா ஆஸ்பத்திரியோடு பேசினார். சோதனை நடந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தாமதத்தால் கேடு ஒன்றும் வரவில்லை என்று டாக்டர் நிலானிக்கு நேரே சொன்னார். அன்று வசந்திக்கு மொழிபெயர்க்க நான் இருந்தேன். அவள் மகளாக மட்டும் இருந்தாள். அவளுக்கு முதலில் நித்திரை திரும்பியது, மெதுவாகப் பள்ளிக்கூடமும். தொத்தொரெஸ்ஸா அவளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்.

ரூத்துக்கு வாட்ஸப்பில் எழுதினேன். பிள்ளைகளுக்குப் பதிலாகப் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர்களாக எடுக்கும்படி அவருடைய ஆட்களும் அரசாங்கத்தைக் கேட்கிறார்களாம். இன்னும் பதில் இல்லையாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைக்கு மொழி தெரியும், நமக்கு வேலை இல்லை என்று எழும்பிவிடாதீர்கள். அந்த மொழியை வைத்து வீட்டுக்காகப் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று முதலில் கேளுங்கள்.