வேரோடும் மண்ணோடும் வீசிய புல்

கோயம்புத்தூரில் இருந்தவரை எனக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவு பால்கனியில் ஒரு துளசி, ஒரு கற்றாழை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு வெலிங்டனில் குமாஸ்தா வேலை மாற்றலாகி, குன்னூரில் வாடகை வீடு பிடித்த பிறகுதான் எனக்குப் பூப்பைத்தியம் பிடித்தது. இங்கே குச்சியை நட்டால்கூடத் துளிர்க்கிறது. டேலியாவுக்கு ஒன்று, பேன்சிக்கு ஒன்று, சால்வியாவுக்கு ஒன்று என்று மூன்று பாத்தி போட்டேன். அந்த மண்ணில் எனக்கு மட்டுமா துளிர்க்கும்? கிக்குயூ புல்லுக்கும் சேர்த்துத்தான்.

சுற்றுலா வருகிறவர்கள் உருண்டு புரண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்களே, அந்தப் புல்தான். போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். பாத்திக்குள் நுழைந்தால் தெரியும் அதன் யோக்கியதை. கணுவுக்குக் கணு வேர்விடும். ஒரே ஒரு கணு மண்ணுக்குள் தங்கிவிட்டால் போச்சு, மழை விட்டதும் டேலியாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இடுப்பொடியப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால், பிடுங்கிய இடத்தில் அடுத்தது எட்டிப் பார்க்கும்.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். கூட ஒரே ஒரு மாடு. அந்த மாட்டுக்காக அவர் வளரவிட்ட புல்தான் தகரத்தின் அடியில் புகுந்து என் பக்கம் குடிவந்தது. எனக்கு வந்ததே கோபம். நேரில் போய்ச் சண்டை போட வாய் வரவில்லை. "உங்க புல்லை நீங்களே வெச்சுக்கங்க" என்று முணுமுணுத்தபடி, பிடுங்கியதையெல்லாம் வேரோடும் மண்ணோடும் தகரத்துக்கு மேலே வீசினேன். தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டால் அப்படி ஒரு நிம்மதி. தினமும் காலையில் காபி குடித்த கையோடு அதுதான் வேலை.

கொஞ்ச நாள் கழித்து வாசலில் பெரியவர் வந்து நின்றார். சரி, பஞ்சாயத்துதான் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவர் கையில் ஒரு சொம்புப் பால்.

"ஏனுங்க அம்மிணி, தெனமும் புல்லுப் போடறீங்க. மாடு இப்பெல்லாம் உங்கூட்டுப் பக்கமே பார்த்துட்டு நிக்குதுங்க."

செருகிய சேலையை மெல்ல இறக்கிவிட்டேன். அவரே தொடர்ந்தார். முழங்கால் மடங்கவில்லையாம், உட்கார்ந்து புல் அறுக்க முடியவில்லையாம். "திருப்பூர்ல இருக்கற பையன், மாட்ட வித்துப்போட்டு எங்கூட வந்துருங்கறான். அந்த வெக்கையில நாலு செவுத்துக்குள்ள நான் என்னத்தப் பண்றதுங்க? புல்லுக்குப் பஞ்சமில்லடான்னு இப்பத்தான் சொல்லிப்போட்டேன்."

பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். என் வீட்டுக்காரர் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தானம் பண்றதே தெரியாம தானம் பண்ணீருக்கற. மகராசி."

பாலோடு நிற்கவில்லை. அடுத்து ஒரு கூடைச் சாணி உரம் வந்தது. மரியாதைக்குப் பாத்தியில் போட்டேன். டேலியா தட்டு அகலத்துக்குப் பூத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் உரத்தோடு வந்த புல்லும் சும்மா இருக்குமா? நான் கோபத்தில் வீசியதை மாடு தின்று, சாணியாக்கி, எனக்கே திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த மழைக்குப் பேன்சி இருந்த பாத்தியைத் தேட வேண்டியதாகிவிட்டது.

எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. ஒரே ஒரு வருஷமாவது புல் இல்லாத பாத்தியைப் பார்த்துவிட வேண்டும். உரக்கடையில் களைக்கொல்லி வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெளிப்பானில் கலந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பூச்செடிகளுக்குப் பழைய வாளிகளைக் கவிழ்த்து மூடியாயிற்று. பிடியை அழுத்தப்போகும் நேரத்தில் தகரத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. திருப்பூர் மகன்.

"ஏனுங்கக்கா, நீங்கதான் புல்லுப் போடறீங்கன்னு அப்பா சொல்றாரு. நெசமுங்களா? மாட்ட வெலைக்குப் பார்க்க இன்னைக்கு ஆளை வரச் சொல்லியிருக்கறனுங்க. புல்லுக்கு வழியிருந்தா அப்பா இங்கயே இருக்கட்டும். இல்லீனா சொல்லிப்போடுங்க, கையோட கூட்டிட்டுப் போறேன்."

அவன் பின்னால் பெரியவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. மாடு மட்டும் என்னையே பார்த்தது. முதுகுக்குப் பின்னால் தெளிப்பானின் குழாயை ஒளித்துக்கொண்டு, மூக்கில் கட்டிய துண்டோடு நான் நின்ற லட்சணத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"புல்லா? அதுக்கென்னங்க, நிறையக் கெடக்குது" என்றேன். "எங்கூட்டுல வேற எதுவும் வளர மாட்டேங்குது."

அவன் சிரித்துவிட்டு, வரச் சொன்ன ஆளை வர வேண்டாமென்று போனில் சொன்னபடியே நகர்ந்தான். பெரியவர் மெதுவாகத் தகரத்தருகே வந்தார்.

"வாளியெல்லாம் எடுத்துருங்க அம்மிணி. பூவுக்கு மூச்சு முட்டும்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ஐயா, உங்களுக்கு..."

"மொத நாளே தெரியுமுங்க. பிரியத்துல குடுக்கறவங்க வேரோட, மண்ணோடயா புல்லைப் போடுவாங்க? நாந்தான் நறுக்கி, அலசி வெச்சேன்."

சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே கடைவீதிக்குப் போய் ஒரு அரிவாள் வாங்கினேன். இப்போது பேன்சிப் பாத்தி முழுக்கக் கிக்குயூதான். மழை ஏமாற்றினால் தண்ணீரும் விடுகிறேன். வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு மேலோடு அறுத்து, உதறி, தகரத்துக்கு மேலே எட்டிப் பெரியவர் கையில் கொடுக்கிறேன்.