பணம் தெரிகிறது, வரவில்லை

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம், என் மைத்துனன் ஏழுமலையிடமிருந்து போன். தட்டாஞ்சாவடியில் இரும்புக் கேட், ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். "மாமா, உடனே பாங்குக்கு வாங்க. நீங்க பத்திரிகையில எழுதறவரு. உங்களைப் பாத்தா கொஞ்சம் பயப்படுவாங்க."

போனேன். யாரும் பயப்படவில்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அன்று சாயங்காலம் பட்டறை ஆட்களுக்கு போனஸ் தர வேண்டும். பணம் எடுக்கப் போனால், கணக்கு முடக்கம். எப்போதோ கிரில் வாங்கிய ஒருவர் போனிலேயே பணம் அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் மேல் வேறு மாநிலத்தில் ஏதோ மோசடிப் புகார். அவர் பணம் போன இடத்தையெல்லாம் பூட்டச் சொல்லி அந்த ஊர் போலீஸ் உத்தரவு. ஏழுமலை செய்த குற்றம்? கிரில் செய்தது.

மேலாளருக்குச் சிரித்த முகம். "கவலையே வேணாம் சார். உங்க பணம் ரொம்பப் பத்திரமா இருக்கு."

"யாருகிட்டேர்ந்து சார் பத்திரமா? என்கிட்டேர்ந்தா?" என்றான் ஏழுமலை.

"அந்த ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு மெயில் போடுங்க. பதில் வந்ததும் ரிலீஸ் பண்ணிடலாம்."

"எப்ப வரும்?"

"அது எங்க கையில இல்ல சார்."

பணம் நம் கையில் இல்லை, சரி. அவர்கள் கையிலும் இல்லை என்றால்... யார் கையில்தான் இருக்கிறது?

பட்டறைக்குத் திரும்பியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. ஆட்கள் சட்டை மாற்றிக்கொண்டு பையோடு காத்திருந்தார்கள். ஏழுமலை போனைத் திறந்து பாலன்ஸைக் காட்டினான். தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டுமே! ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். வெல்டர் சேகர் பார்த்துவிட்டு, "தெரியுதுண்ணே. ஆனா வீட்டுக்குப் போய் புள்ளைங்களுக்கு இன்னாத்தைக் காட்டறது?" என்றார்.

நாலு பேருக்கு வேலை தருகிற ஏழுமலை, தன் பட்டறையிலேயே தலைகுனிந்து நின்றான்.

நீங்கள் உதவியிருக்கலாமே என்கிறீர்களா? என் சேமிப்பு வைப்பு நிதியில். மனைவியின் நகை லாக்கரில். அதற்குள் பாங்கையும் மூடியாகிவிட்டது. நான் பெரிய சொத்துக்காரன்தான் — காலை பத்திலிருந்து மாலை நாலு வரை.

ஏழுமலையின் மனைவி கலாவதி, வில்லியனூர் பக்கம் அவர்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். மாடும் அவருடையது, பால் வருமானமும் அவருடையது. அவன் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் அதிகம் பேசவில்லை. "வூட்டுக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

நாங்கள் போனபோது மாட்டு வியாபாரி அங்கே நின்றுகொண்டு செவலை மாட்டின் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை படிந்தது. நோட்டு கைமாறியது. ஓ.டி.பி. கேட்கவில்லை. அந்தப் பசுவின் மேல் எந்த மாநிலத்திலும் புகார் இல்லை.

கலாவதி பழைய கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வண்டியில் ஏறிய மாடு கத்தியது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அடுக்கி முடிக்கவே இல்லை.

அன்று ராத்திரியே ஆட்கள் போனஸோடு ஊருக்குக் கிளம்பினார்கள்.

கணக்கு திறந்தது பொங்கல் நெருங்கும்போதுதான். மன்னிப்பு? விளக்கம்? 'உங்கள் கணக்கு இப்போது செயல்படுகிறது' என்று ஒரு எஸ்.எம்.எஸ். பின்னாலேயே இன்னொன்று... தனிநபர் கடன் வேண்டுமா என்று.

ஏழுமலை அன்றைக்கே மாட்டுப் பணம் முழுவதையும் மனைவியின் கணக்குக்கு அனுப்பினான். வீட்டுக்குள் நுழையும்போதே, "கலா, உன் போனைப் பாரு. மெசேஜ் வந்திருக்கும்" என்றான் பெருமையாக.

கலாவதி போனைத் தொடவே இல்லை.

"மெசேஜை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு மாட்டைக் கொண்டாந்து கட்டுங்க."